சுண்ணாம்பு தடவாத கலயம்

அன்புள்ள அண்ணாச்சி,

பாண்டிச்சேரியில் மூன்று நாள் இருந்தேன். கடையிலேயே காய்ச்சி ஊற்றும் கிராஃப்ட் பியர், கோதுமை பியரில் வாழைப்பழ வாசனை, கூடவே லோக்கல் மீன் என்று அருமையாகப் போனது. நம் ஆட்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது, போதை ஏறினால் போதும். அடுத்த வாரம் திருவனந்தபுரம் வருகிறேன். அங்கே நல்ல பியரும் லோக்கல் சாப்பாடும் எங்கே கிடைக்கும்? என் தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறி. அப்பா அதை வெளியே சொல்வதில்லை.

க., சென்னை

அன்புள்ள தம்பி,

திருவனந்தபுரத்தில் பாண்டி மாதிரி பியர் தேடி அலையாதீர்கள். சாப்பாட்டைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவுக்கு ஒன்றரைப் பக்கம், தாத்தாவுக்கு ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரிக்காகத்தான் இந்தப் பதில். போன வாரம்தான் எங்கள் விளையில் மிச்சம் நின்ற ஒரே பனையும் சாய்ந்தது, அதிலிருந்து மனசு சரியில்லை.

நுணுக்கம் தெரியாதாம்! அந்த வாழைப்பழ வாசனை கோதுமையில் இல்லை தம்பி, அந்த வகை ஈஸ்ட் தருவது. நம் நாட்டில் பியருக்குப் போகும் பார்லி ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் பக்கம் விளைவது, ஹாப்ஸ் பெரும்பாலும் கப்பலில் வருவது. பாண்டிச்சேரி கொடுத்தது தண்ணீர்தான். அதே ஊரில் அரசே ஏலம் விடும் கள்ளுக்கடைகள் இருக்கின்றன, மூன்று நாளில் ஒன்றுகூட உங்கள் கண்ணில் படவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பனையேறி மாமா இருந்தார். இடுப்பில் அருவாப்பெட்டி, கையில் மரத்தில் சாய்த்து மிதித்து ஏறும் முருக்குத்தடி. காலையும் மாலையும் ஒவ்வொரு மரமும் ஏறி, பாளையின் நுனியை அருவாளால் மெல்லிசாகச் சீவுவார். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், ரொம்ப மெலிந்தால் ஊறாது. அந்தக் கணக்கு அவர் விரலில் இருந்தது. கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது அக்கானி, உங்கள் பாஷையில் பதநீர். தடவாவிட்டால் மரத்திலேயே நுரைக்க ஆரம்பித்துவிடும், கள். ஈஸ்ட் வாங்க வேண்டாம், அது காற்றிலேயே இருக்கிறது. தேனீ மிதக்கும் கலயத்தைச் சாய்த்து, மட்டையின் அடியில் வலைபோல இருக்கும் பன்னாடையில் வடிப்பார், பிறரைத் திட்ட மட்டும் நாம் வைத்திருக்கிறோமே, அதே பன்னாடை. எனக்குப் பத்து வயது, அவர் நீட்டிய பனையோலைப் பட்டையின் ஓரம் உதட்டைக் கிழித்தது நினைவிருக்கிறது, அக்கானியின் ருசியைவிட அதுதான் நினைவிருக்கிறது.

1987-லிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. சாராய ஆலைக்கு உரிமம், பியருக்கு உரிமம், சுண்ணாம்பு தடவாத கலயத்துக்கு மட்டும் வழக்கு. மாமாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர் அருவாப்பெட்டியை ஓட்டின் கீழே செருகியவர்தான், மறுபடி எடுக்கவில்லை. களியக்காவிளை தாண்டினால் கேரளம், கள்ளுக்கடைக்குப் பலகை வைத்து உரிமத்தோடு விற்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை குமரி மாவட்டத்துக்காரர்களான நாங்களும் அந்தப் பக்கம்தான். எல்லைக்கோடு கொஞ்சம் தெற்கே விழுந்திருந்தால் மாமா கைத்தொழில் கலைஞர், இங்கே விழுந்ததால் குற்றவாளி. உங்கள் அப்பா ஏன் வெளியே சொல்வதில்லை என்று இப்போது புரிகிறதா? அவரைக் குறை சொல்லி எழுதியிருந்த வரிகளை நான்தான் வெட்டினேன். அந்தப் பெட்டி இன்னும் வீட்டில் கிடக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள், வேறெதுவும் கேட்க வேண்டாம்.

சரி, சாப்பாடு. படம் போட்ட மெனு கார்டில் 'லோக்கல்' என்று அச்சடித்த இடத்துக்குப் போகாதீர்கள். களியக்காவிளை தாண்டியதும் பாறசாலைப் பக்கம் ஒரு கள்ளுக்கடையில் மரச்சீனிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்தான்), மத்தி கிடைத்த அன்று மத்திக் குழம்பும் இருக்கும். ஊற்றுவது தென்னங்கள், பனை இல்லை, அதற்காக முகம் சுளிக்கக் கூடாது. சனிக்கிழமை வந்தால் நானும் கூட வருகிறேன். பத்து மணிக்குள் வாருங்கள், சாயங்காலம் என்றால் ரொம்பப் புளித்திருக்கும்.