ஜார் மன்னர் ஆட்சியில் வக்கீல்கள்: வாசகர் கேள்விகள்

மன்னர் சொல்லே சட்டம் என்றிருந்த ரஷ்யாவில் வக்கீல் தொழிலை எப்படி அனுமதித்தார்கள்?

மனமுவந்து அனுமதிக்கவில்லை. முதலாம் நிக்கோலஸுக்கு வக்கீல் என்றாலே பிரெஞ்சுப் புரட்சிதான் நினைவுக்கு வரும். அவர் மகன் இரண்டாம் அலெக்சாண்டர் 1861இல் பண்ணையடிமை முறையை ஒழித்தார். ரகசியமாக, காகிதத்திலேயே நடந்த, லஞ்சத்தில் ஊறிய பழைய நீதிமன்றங்களை வைத்து மாறிவரும் நாட்டை நடத்த முடியவில்லை. 1864 நவம்பரில் வந்த சீர்திருத்தம் பகிரங்க விசாரணை, ஜூரி, வாய்மொழி வாதம் எல்லாவற்றையும் கொண்டுவந்தது. வாதம் வேண்டுமென்றால் வாதாட ஆள் வேண்டுமே!

அதற்கு முன் யார் வழக்கு நடத்தினார்கள்?

மனு எழுதிக் கொடுப்பவர்கள், வேலையை விட்ட குமாஸ்தாக்கள். சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

புதிய வக்கீலாக யார் வேண்டுமானாலும் சேரலாமா?

சட்டப் பட்டம், 25 வயது, ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும். 1889 முதல் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு நீதி அமைச்சரின் தனி அனுமதியும் தேவைப்பட்டது. திறமைசாலிகளான யூத இளைஞர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் உதவி வக்கீல்களாகவே முடங்கினார்கள். பெரிய அநியாயம் இது. பெண்களோ 1917 வரை காத்திருந்தார்கள்.

அரசை எதிர்த்து உண்மையிலேயே வாதாட முடிந்ததா?

முடிந்தது. 1877இல் சிறையில் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்யவில்லை என்று போகொலியூபோவ் என்ற கைதிக்குக் கசையடி கொடுக்க உத்தரவிட்டார் பீட்டர்ஸ்பர்க் நகர அதிகாரி திரேபோவ். அடுத்த ஜனவரியில் வேரா சசூலிச் என்ற பெண் அவரைச் சுட்டார், திரேபோவ் பிழைத்துக்கொண்டார். சுட்டதை சசூலிச் மறுக்கவே இல்லை. அரசுத் தரப்பில் வாதாட இரண்டு அரசு வழக்கறிஞர்கள் மறுத்தார்கள். அவருக்காக வாதாடிய அலெக்சாண்ட்ரோவ் முன்பு அரசுத் தரப்பில் இருந்தவர். துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சமும் கசையடியைப் பற்றி நிறையவும் பேசினார். விசாரணைக் கூண்டில் நின்றது சசூலிச், ஆனால் ஜூரியின் கண்முன் நின்றது திரேபோவ். விடுதலை!

சரி, அரசு சும்மா இருக்குமா? அதிகாரிகளைத் தாக்கும் வழக்குகளை அதே ஆண்டே ஜூரியிடமிருந்து பறித்தது. சசூலிச் வழக்கை விசாரித்த நீதிபதி கோனியின் மேல் கோபம் நெடுநாள் தீரவில்லை.

வக்கீல்களுக்குத் தனிச் சங்கம் இருந்ததா?

பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ நகரங்களில் 1866இல், கார்கிவில் 1874இல் அவர்களே தேர்ந்தெடுத்த கவுன்சில்கள் அமைந்தன. பிறகு புதிய கவுன்சில்களுக்கு 1904 வரை தடை. இருந்தாலும் மூன்றையும் மூடவில்லை. அந்த மூடும் வேலையை 1917 நவம்பரில் போல்ஷெவிக் ஆட்சி தன் முதல் நீதிமன்ற ஆணையில் செய்தது.