ஊதா நிறமும் மருந்துக் கவரும்

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்காவுக்கு,

பண்டாரவளையில் சின்னதாக ஒரு வரைகலை நிலையம் நடத்துகிறேன். கல்யாணக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், டியூஷன் வகுப்பு பெனர், இவைதான் இதுவரை என் வேலை. போன மாதம் முதன்முறையாகப் பெரிய வேலை ஒன்று வந்தது. மலையக நகரங்கள் சிலவற்றில் ஆய்வுகூடம், பாமசி, வைத்தியரைப் பார்க்க நம்பர் எடுக்கும் சனலிங் மூன்றையும் நடத்தும் நிறுவனம் ஒன்றுக்கு லோகோவை மாற்ற வேண்டும். இப்போதிருப்பது கடும்பச்சை வட்டம்; நடுவில் வெள்ளைத் தளத்தில் செஞ்சிலுவை; அதைச் சுற்றி இரண்டு பாம்புகள்; அடியில் தேயிலைக் கொழுந்தின் இரண்டு இலையும் ஒரு மொட்டும்.

“இது தாத்தா காலத்து லோகோ. இளைஞர்கள் பார்த்தால் உள்ளே வர மாட்டார்கள். தேயிலை வேண்டவே வேண்டாம். மெல்லிய ஊதா நிறம், சின்ன ஆங்கில எழுத்து, ஆப் மாதிரி இருக்க வேண்டும்” என்கிறார் முதலாளியின் மகன். தமிழையும் சிங்களத்தையும் கீழே எங்காவது போட்டுக்கொள்ளலாமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. நீங்கள் பெயர்ப்பலகை எழுத்துகளைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

சட்டத்தில் மாட்டிவிடக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் செஞ்சிலுவையை எடுத்துவிடுங்கள். அது மருத்துவத்துக்கான பொதுச் சின்னம் என்றுதான் நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1864ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையோடு வந்த அடையாளம் அது. சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை இடம் மாற்றியது போலிருக்கும். போர்க்களத்தில் காயப்பட்டவரைத் தூக்குகிறவரைச் சுடாதே என்பதுதான் அதன் பொருள். இலங்கையிலும் 2006ஆம் ஆண்டில் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் வந்துவிட்டது. இரத்தத்தில் சீனி பார்க்கிற கடை அதைப் பலகையில் மாட்டிக்கொள்ள முடியாது. (அமெரிக்காவில் ஒரு விநோதம் நடந்தது. செஞ்சிலுவையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தன் பொருள்களில் அச்சிட்டு வந்த ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம், 2007இல் அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு சமரசமானார்கள். நம் முதலாளிக்கு அந்தத் தெம்பு இருக்காது.)

பாம்புகளில் ஒன்றையாவது குறைக்க வேண்டும். வைத்தியத்துக்குரிய கிரேக்கத் தெய்வமான அஸ்கிளேபியஸின் கோலில் ஒரே பாம்புதான். உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தில் இருப்பதும் அதுவே. இரண்டு பாம்பும் சிறகும் கொண்ட கோல் ஹெர்மிஸ் என்ற தூதுவத் தெய்வத்துக்கு உரியது. வியாபாரிகளுக்கும் கள்வருக்கும் அவர்தான் காவல். 1902இல் அமெரிக்க இராணுவ மருத்துவப் படை அதைச் சூடிக்கொண்ட பிறகு உலகெங்கும் இந்தக் குழப்பம் பரவிவிட்டது. நம் ஆட்களுக்கோ பின்னிப்பிணைந்த இரண்டு பாம்பைப் பார்த்ததும் அரச மரத்தடி நாகக்கல்தான் நினைவுக்கு வரும். பிள்ளை வரம் கேட்டு மஞ்சள் பூசுகிற கல்லைப் பாமசி வாசலில் வைப்பானேன்?

இனி இளைஞர் விஷயம். முதலாளியின் மகன் மனதில் இருக்கும் இளைஞர் யார்? காய்ச்சல் வந்தால் கசாயம் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் இருபத்தைந்து வயதுப் பையன் தனக்காக எந்த ஆய்வுகூடத்துக்கும் போவதில்லை. அவன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், அல்லது ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறான். அவன் அம்மா தலவாக்கலைப் பக்கம் தோட்டத்து லய வீட்டில் இருக்கிறார். அழுத்தமும் சீனியும் உண்டு. பணம் அனுப்புகிறவன் அவன். நம்பர் எடுப்பவன் அவன். எங்கே போவது என்று தீர்மானிப்பவனும் அவனே. ஆனால் பஸ்ஸில் வந்து இறங்கி, படியேறி, கையை நீட்டி இரத்தம் கொடுப்பவர் அம்மா. மலையகத்தில் இளம் வாடிக்கையாளர் என்பவர் பெரும்பாலும் இப்படி நூறு மைல் தள்ளி இருக்கும் ஒரு மகனோ மகளோதான்.

அந்த இருவர் கையிலும் படுகிற பொருள் எது என்று யோசித்துப் பாருங்கள். வாசல் பலகை இல்லை, ஆப்பும் இல்லை. மாத்திரை போட்டுத் தருகிற சின்னக் காகிதக் கவர். அம்மா அதை வீசுவதில்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, அடுத்த முறை அதையே கொண்டுபோய் நீட்டுவார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் “பச்சை வட்டம் போட்ட கவர்” என்று சொல்வார். பேரப்பிள்ளை அதைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் கொழும்புக்கு அனுப்புகிறது. மகன் பார்ப்பது மங்கலான அந்தப் படத்தை. மட்டமான காகிதத்தில் ஒற்றை நிறத்தில் அச்சாகி, கசங்கி, அரை வெளிச்சத்தில் படமாகி, மூன்று அங்குலத் திரையில் தெரிய வேண்டியதுதான் உங்கள் லோகோ. மெல்லிய ஊதா அங்கே ஓர் அழுக்குக் கறையாகத்தான் தெரியும்.

பலகையில் மட்டும் என்ன வாழ்கிறது? தலவாக்கலையிலிருந்து நானுஓயாப் பக்கம் போகிற பஸ்ஸில் மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்து வெளியே பாருங்கள். மூடுபனியில் முதலில் காணாமல் போவது இந்த வெளிர் நிறங்கள்தான். அப்பா ஹட்டனில் போர்ட் எழுதிய காலத்தில் வெள்ளைத் தளத்தில் சாம்பல் எழுத்துக் கேட்டு வருகிறவர்களிடம், “பனிக்கு எழுதவா, ஆட்களுக்கு எழுதவா?” என்று கேட்பார். சிவப்பு வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். கடும்பச்சை நிற்கும். அந்தப் பச்சையை விடாதீர்கள்.

பச்சையை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு முதலாளியின் மகனிடம் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 2009இல் அமெரிக்காவின் ட்ரொப்பிக்கானா தோடம்பழச் சாற்றுப் பெட்டியைப் புதுமையாக மாற்றினார்கள். பழத்தில் ஸ்ட்ரோ குத்தியிருந்த பழைய படத்தை எடுத்துவிட்டு, ஒரு கண்ணாடிக் குவளையைப் போட்டார்கள். உள்ளே அதே சாறுதான். ஆட்களால் கடைத்தட்டில் தங்கள் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறக்குறைய 20 வீதம் விழுந்தது. பழைய பெட்டியே திரும்பி வந்தது.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1887 முதல் கையெழுத்து வடிவிலேயே இருந்த ஜோன்சன் அன்ட் ஜோன்சனின் பெயர் 2023இல் சாதாரண அச்செழுத்துக்கு மாறியது. கோத்தெழுதும் எழுத்தை இன்றைய அமெரிக்கப் பிள்ளைகள் பலர் படிப்பதில்லை என்ற காரணமும் அப்போது பேசப்பட்டது. பழைய எழுத்து அழகாக இருந்தது, எனக்கு வருத்தம்தான். ஆனால் வாசிக்க முடியாத எழுத்தை மாற்றுவதில் நியாயம் உண்டு. சிவப்பை மட்டும் அவர்கள் விடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அந்த நியாயத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் மகனின் திட்டம் தலைகீழாகிவிடும். யாரால் எதை வாசிக்க முடியும் என்று பார்த்தால் தமிழும் சிங்களமும்தான் மேலே வர வேண்டும். “கீழே எங்காவது” என்ற சொல்லைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இந்த ‘எங்காவது’தான் நம் பலகைகளில் தமிழுக்கு வாய்த்த இடம். ஆங்கிலத்துக்கு ஓவியர் தனியாக எழுத்து வரைவார். தமிழுக்குக் கணினியில் அகப்பட்டதை இழுத்து ஒட்டுவார். ‘ஆய்வுகூடம்’ நீண்டுவிட்டது என்று அதை இரண்டு பக்கமும் நெருக்கிக் கரப்பான் பூச்சியாக்குவார். சிங்களத்தோடு ஒத்துப்போக வேண்டுமென்று எல்லா மூலைகளையும் வளைப்பதும் வேண்டாம். சிங்களம் உருண்டை எழுத்து. நமக்கு ட, ப, ம என்று நேர்க்கோடு நிற்கும் எழுத்துகளும் உண்டு, ண, ஞ என்று சுழிகளும் உண்டு. சிறிய அளவில் அந்தச் சுழிகளுக்குள் மை அடைத்துக்கொள்ளும். ஆகவே உள்வெளியைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து வையுங்கள். புள்ளியை வழக்கத்தைவிடப் பெரிதாகப் போடுங்கள். கவரில் முதலில் தொலைவது புள்ளிதான். நிறுவனத்தின் பெயரை மூன்று மொழியிலும் உங்கள் கையாலேயே வரையுங்கள். மகன் கேட்கும் புதுமை அதிலேயே வந்துவிடும். ஒழுங்காக வரையப்பட்ட தமிழ் நம் கடைத்தெருவில் அவ்வளவு அபூர்வம்.

தேயிலைக்கு வருகிறேன். உங்கள் மனம் ஒப்பாதது இதில்தான் என்று ஊகிக்கிறேன். அந்த மகனுக்கு வெட்கம் என்றால், அந்த வெட்கத்தை நான் ஏற்கவில்லை. ஆனாலும் எடுத்துவிடலாம் என்றே சொல்வேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் இங்கே ஹோட்டலில் இருக்கிறது, கிளப் சட்டையில் இருக்கிறது, தேயிலைப் பக்கெட்டில் இருக்கிறது, தொழிற்சங்கப் பெனரிலும் இருக்கிறது. எல்லோருக்கும் சொந்தமான படம் எவரையும் அடையாளம் காட்டாது. காலையில் தோட்டத்தில் பெயர் பதியும் பெரட்டுக்குப் போய்விட்டு மாலையில் முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க வருகிறவருக்குக் கவரிலும் கொழுந்தைக் காட்ட வேண்டுமா?

பச்சை வட்டம், அதற்குள் வெள்ளையில் நீங்கள் வரைந்த தமிழ் முதலெழுத்து. நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். மூன்று மாதிரி வரைந்து, கறுப்பு மையில், பெருவிரல் நகத்தின் அளவில், நிஜக் கவரிலேயே அச்சடியுங்கள். மகனிடம் காட்டுவதற்கு முன் அவருடைய பாமசியில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளிடம் காட்டுங்கள். எந்தக் கவர் திரும்பி வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அப்பா எழுதிக் கொடுத்த ஒரு பலகை ஹட்டனில் இன்னமும் தொங்குகிறது. அதற்கான மீதிப் பணம் இன்னும் வந்து சேரவில்லை.

அன்புடன்,
அக்கா