பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ஆண் நட்டுவனார்தான் எடுப்பாக இருக்குமா?

இல்லை. நட்டுவனார் என்பவர் மேடை ஓரம் உட்கார்ந்து, தாளம் தட்டி, ஜதி என்ற தாளச் சொற்களைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவர்; அதற்கு ஆணாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கு அரங்கேற்றம் நெருங்கிவிட்டது, சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் இது நடந்திருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு பிள்ளைக்கு முதல் உருப்படியான அலாரிப்பிலிருந்து எட்டு வருடம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அரங்கேற்றத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவள் அம்மா, "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க, ஜதி சொல்ல ஆம்பளக் குரல் இருந்தா கம்பீரமா இருக்கும்" என்றார். சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். வந்து நான்கே நாளில் நிகழ்ச்சி. நிகழ்ச்சியின் பெரிய உருப்படியான வர்ணத்தில், மூன்று வேகத்தில் வரும் திரிகாலத் தீர்மானத்தில், மூன்றாம் காலத்துக்கு மாறும் இடத்தில் அவர் அரை அட்சரம் முந்திவிட்டார். பிள்ளையின் கண் பக்கத்திரையைத் தேடியது. நான் அங்கே தொடையில் தாளம் போட்டபடி வாய்க்குள் ஜதி சொல்லிக்கொண்டிருந்தேன். என் உதட்டைப் பார்த்தே காலைச் சேர்த்துக்கொண்டாள். கடைசியில் அவருக்குப் பொன்னாடை, எனக்கு ஒரு பூங்கொத்து.

உடனே ஆண் நட்டுவனார்களைப் பழிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் குருவே ஆண்தான். நட்டுவாங்கத்துக்குத் தட்டும், இரும்பும் வெண்கலமுமான அந்தத் தாளக் கருவியை என் கையில் பிடித்து வைத்துப் பழக்கியவர் அவர். பரதநாட்டியத்தைச் சதிர் என்று சொன்ன காலத்தில் பெண்கள் ஆடினார்கள், அவர்கள் வீட்டு ஆண்கள் நட்டுவாங்கம் செய்தார்கள். அது அந்தக் குடும்பங்களின் தொழில் ஏற்பாடு, சாஸ்திரம் இல்லை. பேர்பெற்ற நட்டுவனார் வழுவூர் ராமையா பிள்ளையிடம் கற்ற கே.ஜே. சரசா பெண் நட்டுவனாராகவே பேர் வாங்கினார். ஜெயலலிதாவுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். நம் ஊரில் 1989இல் நீலா சத்தியலிங்கம், 1990இல் சாந்தா பாஸ்கர் என்று இரண்டு பெண் நடன ஆசிரியர்கள் அரசின் கலை விருதான கலாசாரப் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள். இதற்குப் பிறகுமா பெண் குரலில் கம்பீரம் இல்லை என்ற பேச்சு?

உங்கள் டீச்சரைத் தாளத்தோடு உட்கார வைத்து, வர்ணத்தை முழுசாக ஒருமுறை ஆட வைத்துப் பாருங்கள். மகளின் கால் யார் சொல்லுக்குத் தடுமாறாமல் விழுகிறதோ அவர் மேடையில் உட்காரட்டும்.

நீங்கள் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அழைப்பிதழில் தமிழும் போடுங்கள். ஆடுவது தமிழ்ப் பதம், பார்க்க வருவது தாத்தா பாட்டி, கையில் கொடுப்பது முழுக்க ஆங்கிலம். அந்த ஈசூன் பிள்ளையின் அரங்கேற்றத்தன்று என் அம்மா அந்த அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் பேரு எங்கடி இருக்கு?" என்று கேட்டார்.