‘பென்ஷன் வந்தாச்சு, இனி என்ன?’: சேலத்து முன்னாள் படைவீரர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன: “எந்த வேலைக்குப் போகலாம் சார்?” ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆன பிறகுதான் பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. யூனிட்டில் இருக்கும்போதே கேட்டவர் ஆத்தூர்க்காரர் ஒருவர்தான். அவரிலிருந்தே ஆரம்பிப்போம்.

ராணுவத்தின் வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஹவில்தார், வண்டி மெக்கானிக். சர்வீஸ் முடிய இன்னும் பத்து மாதம் இருக்கிறது. இப்போதே வேலைக்கு விண்ணப்பிக்கலாமா, டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் முடியுமா? – ஆத்தூர் வாசகர்

இப்போதே போடுங்கள். மத்திய அரசு வேலைகளில், விண்ணப்பக் கடைசித் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் உங்கள் சர்வீஸ் முடிகிறது என்றால் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டிலேயே விண்ணப்பிக்கலாம். அதற்கான சான்றை யூனிட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். குரூப் சி பணிகளில் 10 சதவீதம் நமக்கு. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் வயதிலிருந்து சர்வீஸ் வருடங்களைக் கழிப்பார்கள். 42 வயது, 24 வருட சர்வீஸ் என்றால் கணக்குக்கு நீங்கள் 18 வயதுப் பையன். கழித்து வரும் வயது, அந்த வேலைக்கான உச்ச வயதை மூன்று ஆண்டுக்கு மேல் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

டி.ஜி.ஆர். என்ற மத்திய அரசின் மறுவாழ்வு இயக்குநரகம் நடத்தும் பயிற்சிக்கு ஜே.சி.ஓ.க்கள் என்ற இளநிலை அதிகாரிகளுக்கும் ஜவான்களுக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் ‘வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஊரில் நடக்கிறது’ என்று பார்த்து, கடைசி லீவு மாதிரி அதை எடுப்பவர்கள் நிறைய. நீங்கள் மெக்கானிக். பி.எஸ். 6 வண்டிகளின் எலெக்ட்ரானிக்ஸ், டயக்னாஸ்டிக் கருவி என்று ஏதாவது கிடைத்தால் அதைப் பிடியுங்கள், ஊர் தூரமானாலும் சரி.

இதையெல்லாம் விட அவசரமான ஒன்று உண்டு. சர்வீஸ் ரெக்கார்டில் உங்கள் பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் ஆதாரில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரெக்கார்டில் திருத்தத்தைப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டரை இப்போதே போடச் சொல்லுங்கள். யூனிட் கிளார்க் பக்கத்து அறையில் இருக்கும்வரை அது ஒரு வார வேலை. ஆத்தூரில் உட்கார்ந்துகொண்டு செகந்திராபாத்தில் உள்ள இ.எம்.இ. ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தால் எப்போது முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. டிரேடு டெஸ்ட், கோர்ஸ் சான்றுகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக் கையோடு கொண்டு வாருங்கள். ஊருக்கு வந்ததும் சேலம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரையும் வேலைவாய்ப்புக்கான பதிவையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.

பத்தாவதுதான் படித்திருக்கிறேன். 17 வருட சர்வீஸ். வங்கி கிளார்க் வேலைக்கு டிகிரி கேட்கிறார்களே? – மேட்டூர் வாசகர்

டிகிரி இல்லாமலே எழுதலாம். பத்தாவது தேறி, 15 வருடத்துக்குக் குறையாமல் சர்வீஸ் முடித்து, ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றோ கடற்படை, விமானப்படையில் அதற்கு நிகரானதோ வைத்திருந்தால் பொதுத்துறை வங்கி கிளார்க் தேர்வுக்குத் தகுதி உண்டு. சான்று வாங்காமல் வந்திருந்தால் இன்றே யூனிட்டுக்கு எழுதுங்கள். மத்திய அரசில் டிகிரி கேட்கும் பல குரூப் சி பணிகளுக்கும் இதே 15 வருட விதி பொருந்தும். தொழில்நுட்ப அனுபவம் கட்டாயம் என்று போட்டிருக்கும் பணிகளுக்குப் பொருந்தாது.

வங்கிகளில் கிளார்க் நிலையில் நமக்கு 14.5 சதவீதம். இதில் 4.5 சதவீதம் ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கும், போரில் உயிர்நீத்தவர்களின் குடும்பத்தாருக்கும் போகும். உச்ச வயது 28 என்றால் அதோடு உங்கள் 17 வருடத்தையும், மேலே 3 வருடத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். 50ஐத் தாண்டாத வரை சரி. நேர்முகத் தேர்வு கிடையாது. ஆங்கிலப் பகுதி தவிர மற்றதைத் தமிழிலேயே எழுதலாம். கணக்கில் பயிற்சி விட்டுப்போயிருக்கும். வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அதனோடு உட்காருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ராணுவத்தில் எம்.டி. (வண்டி) டிரைவராக 19 வருடம். சங்ககிரியில் லாரிக்குப் போனால் ‘லைசென்ஸ் எங்கே’ என்கிறார்கள். ராணுவ லைசென்ஸ் செல்லாதா? – சங்ககிரி வாசகர்

செல்லாது. அது படைக்குச் சொந்தமான வண்டிகளை ஓட்ட மட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 18வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிவில் ஹெவி லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் லடாக்கிலும் அருணாசலத்திலும் ஸ்டாலியன் லாரி ஓட்டியவர் சங்ககிரியில் போய் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ராணுவ லைசென்ஸைக் காட்டினால் அதே வகை வண்டிக்கு ஓட்டுநர் தேர்வு வேண்டாம் என்கிறது அதே சட்டத்தின் 9வது பிரிவு. லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஸ்டியரிங்கோடு நிற்காதீர்கள். கான்வாயில் எத்தனை வண்டிக்குப் பொறுப்பாக இருந்தீர்கள், டீசல் கணக்கு, லாக் புக் யார் பார்த்தார்கள் என்று சொல்லுங்கள். பத்து லாரிக்கு மேல் வைத்திருக்கும் முதலாளி தேடுவது அந்த ஆளைத்தான்.

ராணுவத்தில் கிளார்க்காக (ஸ்டாஃப் டியூட்டீஸ் பிரிவு) 22 வருடம். நாலு கம்பெனிக்குப் பயோடேட்டா கொடுத்தேன். எல்லோரும் “எக்ஸ் சர்வீஸ்மேனா, செக்யூரிட்டி சூப்பர்வைசர் இருக்கு, வரீங்களா” என்கிறார்கள். எனக்கு அவ்வளவுதான் மதிப்பா? – அம்மாபேட்டை வாசகர்

உங்கள் பயோடேட்டாவை இணைத்திருந்தீர்கள். படித்தேன். தலைப்பிலேயே பெரிய எழுத்தில் ‘முன்னாள் ராணுவ வீரர்’. அடுத்து ரேங்க், ரெஜிமென்ட், வாங்கிய பதக்கங்கள், ‘கட்டுப்பாடு, நேர்மை, கடின உழைப்பு’. இதைப் பார்க்கும் மில் ஹெச்.ஆர். பெண்ணுக்கு 26 வயது இருக்கும். ராணுவம் என்றால் துப்பாக்கி, துப்பாக்கி என்றால் வாட்ச்மேன். அவர் மீது தப்பில்லை, நீங்கள் கொடுத்த தகவலுக்கு அவர் சரியான வேலையைத்தான் சொன்னார்.

ஓய்வுக்குப் பிறகு நானும் ஆள் எடுக்கும் நாற்காலியில் சில காலம் உட்கார்ந்திருக்கிறேன். ‘ஹவில்தார் கிளார்க்’ என்று மட்டும் எழுதினால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. நீங்கள் செய்தது என்ன? ஒரு யூனிட்டின் முழு ஆள் பதிவேட்டையும் பார்த்தீர்கள். லீவு, சம்பளக் கோரிக்கை, பதவி உயர்வு, பென்ஷன் கோப்பு எல்லாம் உங்கள் மேஜையைத் தாண்டித்தான் போயிற்று. ஆடிட் வந்தபோது பதில் சொன்னீர்கள். ஹிந்தி எழுதப் பேச வரும். இதற்கு வெளியே பெயர் பணியாளர் நிர்வாகம். சேலத்தைச் சுற்றி நூற்பாலைகளிலும், ஜவ்வரிசி ஆலைகளிலும், கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளர்கள் வந்து வேலை பார்க்கிறார்கள். அவர்களோடு ஹிந்தியில் பேசி, வருகைப் பதிவேடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு ஒழுங்காக வைக்கத் தெரிந்த ஒருவரை முதலாளிகள் விளக்கு வைத்துத் தேடுகிறார்கள். உங்கள் ஹிந்தியைப் பயோடேட்டாவின் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள்!

மாற்றி எழுதுங்கள். முதல் வரி ‘அலுவலக நிர்வாகம் மற்றும் பணியாளர் பதிவேடு, 22 ஆண்டு அனுபவம்’. அடுத்து எத்தனை பேருக்கான கோப்புகளைப் பார்த்தீர்கள், என்ன மென்பொருள் தெரியும், எந்த மொழிகள். ராணுவம் என்பது எங்கே வேலை பார்த்தீர்கள் என்ற இடத்தில் வந்தால் போதும். பதக்கம் இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும். டேலி என்ற கணக்கு மென்பொருளும், பி.எஃப். இணையதளத்தில் கணக்கு ஏற்றுவதும் தெரியாவிட்டால் இரண்டு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. “பென்ஷன் வருதுல்ல, சம்பளம் கொஞ்சம் கம்மியா வெச்சுக்கலாமா” என்று கேட்பார்கள். பென்ஷன் நீங்கள் முன்பே செய்த வேலைக்கு. அதை வைத்து இந்த வேலைக்கு விலை குறைக்கக் கூடாது என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள்.

செக்யூரிட்டி வேலைக்கே போகிறேன் என்று வைத்துக்கொள்வோம். எதைப் பார்த்துச் சேர வேண்டும்? – சூரமங்கலம் வாசகர்

தாராளமாகப் போங்கள், அதுவும் மரியாதையான வேலைதான். முதலில் டெக்ஸ்கோவில் கேளுங்கள். 1986இல் தமிழக அரசு நமக்காகவே தொடங்கிய கழகம் அது. அரசு அலுவலகங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் ஆள் அனுப்புகிறது. தனியார் ஏஜென்சி என்றால் 2005ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண், எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் என்ன கணக்கு, இந்த மூன்றையும் சேரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ‘யூனிஃபார்ம் டெபாசிட்’ என்று பணம் கேட்கும் ஏஜென்சி வேண்டவே வேண்டாம்.

மத்திய அரசில் சின்ன வேலை ஒன்று நம் ஒதுக்கீட்டில் கிடைத்திருக்கிறது. வங்கித் தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. இதில் சேர்ந்தால் அது போய்விடுமா? – தாரமங்கலம் வாசகர்

சேருங்கள். ஆனால் சேரும் அன்றே, இதற்கு முன் எந்தெந்த வேலைக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள் என்ற பட்டியலோடு உறுதிமொழி எழுதி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2014 ஆகஸ்டில் மத்தியப் பணியாளர் துறை வெளியிட்ட ஆணைப்படி, அந்தப் பட்டியலில் உள்ள வேலைகளுக்கு உங்கள் ஒதுக்கீட்டு உரிமை தொடரும். கொடுக்காமல் சேர்ந்தால் அதோடு முடிந்தது. தனியார் வேலையிலோ ஒப்பந்த வேலையிலோ இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மகன் அக்னிவீர், முதல் அணி. நான்கு வருடம் முடிகிறது. அவனும் முன்னாள் படைவீரர்தானே? – எடப்பாடித் தந்தை ஒருவர்

இல்லை ஐயா. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் பென்ஷனும் அக்னிவீரர்களுக்குக் கிடையாது. அதனால் மேலே சொன்ன ஒதுக்கீடுகள் அவருக்குப் பொருந்தா. அதிகபட்சம் 25 சதவீதம் பேரைப் படையிலேயே வைத்துக்கொள்வார்கள். வெளியே வருபவர்களுக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022இல் அறிவித்தார்கள். முதல் அணிக்கு ஐந்து வருட வயதுத் தளர்வு. பத்தாவது முடித்துப் போனவர் என்றால் பன்னிரண்டாவதுக்கு நிகரான சான்றை வாங்காமல் வர வேண்டாம் என்று சொல்லுங்கள். கையில் சுமார் 11.71 லட்சம் சேவா நிதி வரும், வரி கிடையாது. அந்தப் பணத்தில் கார் வாங்க வேண்டாம். வயது இருபத்தி சொச்சம்தான், கல்லூரியோ டிப்ளமோவோ படிக்க இன்னும் காலம் இருக்கிறது.

கணவர் வந்து எட்டு மாதம். காலையில் ஓடுகிறார், பிறகு நாள் முழுக்க ஃபோன். வேலை பற்றிப் பேசினால் கத்துகிறார். சாயங்காலம் ஆனால் கேண்டீன் பாட்டில். என் அண்ணனை விட்டுப் பேசச் சொல்லலாமா? – ஏற்காடு மலையடிவாரச் சகோதரி

அண்ணனை அனுப்பாதீர்கள் அம்மா. மச்சான் வாயால் புத்திமதி கேட்பது இவருக்கு இன்னொரு அவமானமாகத்தான் இருக்கும். நேற்று வரை முப்பது பேர் ‘சாப்’ என்று எழுந்து நின்ற மனிதர். இங்கே ரேஷன் கடை வரிசையில் யாருக்கும் அவரைத் தெரியாது. வேலைக்குப் போனால் தன்னைவிடச் சின்னப் பையனிடம் கையைக் கட்டி நிற்க வேண்டுமோ என்ற பயம் உள்ளே இருக்கும். வெளியே கோபமாக வருகிறது.

அவரோடு சர்வீஸ் பார்த்து, முன்பே ஊருக்கு வந்து ஏதோ ஒரு வேலையில் நிலைத்துவிட்ட நண்பர் யாராவது இருப்பார். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள். வேலைப் பேச்சை நீங்கள் எடுக்கவே வேண்டாம், அவர்களே பேசுவார்கள். காலையில் ஓடுகிறார் என்றீர்களே, அதுவே நல்ல நூல். உங்கள் பக்கத்தில் போலீஸ் செலக்‌ஷனுக்கும் ஆர்மி செலக்‌ஷனுக்கும் ஓடும் பையன்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மைதானத்தில் கற்றுக் கொடுக்கச் சொல்லுங்கள். சம்பளம் வராது, ஆனால் நாலு பையன்கள் ‘சார்’ என்பார்கள்.

குடியும் தூக்கமின்மையும் கூடிக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டையில் மனநல மருத்துவமும் அடங்கும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நீங்களும் பேசலாம். எட்டு மாதமாக நீங்களும்தானே சுமக்கிறீர்கள்.

கம்யூட்டேஷன் பணத்தில் ஏற்காட்டில் இரண்டு ஏக்கர் காபித் தோட்டமும், அதில் ஒரு ஹோம்ஸ்டேயும் போடலாம் என்று இருக்கிறேன். – அஸ்தம்பட்டி வாசகர்

முதல் வருடம் அந்தப் பணத்தை வங்கியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். பாதிப் பென்ஷனைப் பதினைந்து வருடத்துக்கு முன்கூட்டியே விற்று வாங்கிய பணம் அது. புதிதாக நட்ட அரபிகா செடி காய்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும். அதுவரை ஆள் கூலி, உரம், நிழல் மரம் கழிப்பு எல்லாம் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றினால் கொஞ்சம் தாங்கும். ஹோம்ஸ்டே என்றால் மலைப்பகுதிக் கட்டட விதிகள் தனி, கீழே சேலத்தில் கட்டுவது போல நினைத்துவிடாதீர்கள். நிலப் பத்திரத்தை வக்கீல் பார்க்காமல் முன்பணம் கூடாது.

ஆசை உறுதியாக இருந்தால் ஒரு அறுவடைக் காலம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஏதாவது எஸ்டேட்டில் ரைட்டராகவோ சூப்பர்வைசராகவோ வேலை பாருங்கள். ஆள் மேய்ப்பது உங்களுக்குப் புதிதல்ல, காபிதான் புதிது. அதன் பிறகும் தொழில்தான் என்றால், 2024 சுதந்திர தினத்தில் அறிவிக்கப்பட்ட ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் பற்றி நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒரு கோடி வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் என்று அறிவித்தார்கள்.

சேலத்துக்கு டிஃபென்ஸ் காரிடார் வருகிறதாமே, நமக்கு முன்னுரிமை உண்டா? – ஓமலூர் வாசகர்

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. மற்றவை சென்னை, கோவை, ஓசூர், திருச்சி. ஆனால் அங்கே வருவது உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைகள். ‘ராணுவத்தில் இருந்தேன்’ என்பதற்காக எடுக்க மாட்டார்கள், மெஷின் தெரிந்தால் எடுப்பார்கள். உங்கள் டிரேடு என்ன என்று எழுதவில்லையே? அதை எழுதி அனுப்புங்கள், அடுத்த முறை பேசலாம்.