பேரிடர் மேலாண்மை வேலைக்காக ஜிஐஎஸ் படிக்கலாமா?

நிலவியல் பட்டம் முடித்துவிட்டு, பேரிடர் மேலாண்மைத் துறைக்குப் போக ஜிஐஎஸ் (இடம் சார்ந்த தகவல்களைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் புவியியல் தகவல் முறைமை) முதுநிலை படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படியுங்கள். வங்கித் தேர்வு எழுதச் சொல்லி வீட்டில் நச்சரிப்பார்கள். எனக்கும் அதுதான் நடந்தது.

2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது ஒப்பந்தப் பணியில் வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. மேகம் மூடியிருந்ததால் சாதாரணச் செயற்கைக்கோள் படங்கள் உதவவில்லை. மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் படம்தான் கதி. அப்படிப் படம் எடுக்கும் ஐரோப்பாவின் இரண்டு சென்டினல்-1 செயற்கைக்கோள்களில் ஒன்று 2021 இறுதியிலேயே பழுதாகிவிட்டது. மற்றொன்று அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். படம் கிடைத்தாலும், ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் வாழைத் தோட்டம். சென்டினலின் ரேடார் அலை பெரும்பாலும் இலையிலேயே பட்டுத் திரும்பிவிடும். அடியில் இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் படத்தில் தெரியாது. நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயலோ வெள்ளம்போலவே தெரியும்.

எந்தக் குளம் உடைந்தது, எந்தச் சாலை அறுந்தது என்பதைக் கிராம உதவியாளர்கள்தான் சொன்னார்கள். தொலைபேசி இணைப்பு விட்டுவிட்டு வந்தது. அவர்கள் சொன்ன கரை, மடை, மறுகால் ஒவ்வொன்றையும் வருவாய்க் கிராம வரைபடத்தின் மேல் குறித்தோம். படகுகளை எந்த வழியாக அனுப்புவது என்று அதை வைத்துத்தான் பேசினார்கள். அதில் என் கையும் இருந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

"வரைபடமா உயிரைக் காப்பாற்றியது?" என்று கேட்க யாராவது வருவார்கள். காப்பாற்றியவர்கள் மீனவர்களும் மீட்புப் படையினரும்தான். நான் மறுக்கவே இல்லை. அவர்கள் வழி தெரியாமல் அலையாதிருக்க ஒருவர் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

வரைபடம் தயாரிக்க உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் கட்டணமில்லா இணையவழி வகுப்புகள் நடத்துகிறது. கல்லூரியில் சேரும் முன்பே இரண்டையும் தொடங்கிவிடுங்கள். நிலச்சரிவும் நீரோட்டமும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அது பெரிய பலம்.

வேலை விஷயம் வேறு. பல அறிவிப்புகளில் சிவில் இருக்கும், நிலவியல் இருக்கும், எங்கள் ஜிஐஎஸ் பட்டத்தின் பெயர் இருக்காது. அறிவிப்பில் கேட்ட பட்டத்துக்கு என் பட்டம் சமம் என்று காட்டும் இணைத்தகுதிச் சான்றுக்காக மேசை மேசையாக அலைந்திருக்கிறேன். வெள்ளம் வடிந்ததும் என் ஒப்பந்தத்தையும் முடித்துவிட்டார்கள். குளம் குளமாகக் குறித்துவைத்த கோப்புகளை வாங்கி வைத்துக்கொள்ளக்கூட ஆளில்லை. நீங்கள் நிலவியல் பட்டத்தைக் கைவிடாமல், அந்தத் தகுதியிலும் விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள்.