அரசுப் பள்ளிக்கு நூற்றாண்டு வருகிறது, ஊர் வரலாற்றோடு மலர் போட எங்கிருந்து தொடங்குவது?

செங்கல்பட்டுப் பக்கம் சிறிய ஊர், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, கையில் எட்டு மாதம், கல்வெட்டுள்ள ஒரு சிவன் கோயில் என்று எழுதியிருக்கிறீர்கள். சோழர் காலத்தில் தொடங்கலாமா என்றும் கேட்கிறீர்கள். சோழரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிப் பள்ளியின் பழைய பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள்.

அங்கே நீங்கள் தேட வேண்டியது சேர்க்கைப் பதிவேடு. அது அழிக்கக் கூடாத நிரந்தரப் பதிவேடு என்பதால், மற்ற காகிதங்கள் போனாலும் இது மிஞ்சியிருக்கும். ஒரு வரியைப் பாருங்கள்: சேர்க்கை எண், பையன் பெயர், தகப்பனார் பெயர், அவர் தொழில், குடியிருப்பு, மதம், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, நீங்கிய காரணம். ஒரு குடும்பத்தைப் பற்றி இவ்வளவு விவரம் ஒரே வரியில் வேறெங்கும் கிடைப்பது அரிது. இப்படி நூறு வருட வரிகள் இருந்தால் ஊரே அதற்குள் இருக்கிறது.

முழுவதையும் தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் முடிக்க மாட்டீர்கள். பத்து வருடத்துக்கு ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள்: 1930, 1940, 1950 என்று. ஒவ்வொரு வருடத்துக்கும் ஐந்து எண்ணிக்கை போதும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் பெண் குழந்தைகள் எத்தனை, தகப்பனார் தொழில் என்னென்ன, எந்தெந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், ஐந்தாம் வகுப்புக்கு முன்பே நின்றவர் எத்தனை. பெண் குழந்தைகளின் எண்ணிக்கை எந்தப் பத்தாண்டில் ஏறுகிறது, சேரியிலிருந்து முதல் பெயர் எந்த வருடம் வருகிறது என்ற இரண்டும் உங்கள் மலரின் நடுப்பக்கத்தில் இருக்க வேண்டிய செய்திகள். அந்த முதல் பெயர் மிகவும் தாமதமாக வந்திருந்தால் பக்கத்தில் லேபர் ஸ்கூல், அதாவது சேரிப் பிள்ளைகளுக்காக அரசின் தொழிலாளர் துறை நடத்திய பள்ளி, இருந்ததா என்று விசாரியுங்கள். ஆதி திராவிடர் நலப் பள்ளிகளுக்கு முன்னோடி அவைதான். அந்தக் குழந்தைகள் வேறு பதிவேட்டில் இருக்கலாம். அதைச் சேர்க்காமல் எழுதினால் பாதி ஊரின் வரலாறாகத்தான் நிற்கும்.

பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். மே, ஜூன் மாதங்களில் அத்தனை பேரும் பிறந்திருப்பார்கள். தலைக்கு மேலாகக் கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. வயது கணக்காக வரும்படி வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுவிடுவார்.

படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னலோர வெளிச்சமே போதும். ஒருவர் பக்கம் புரட்ட, ஒருவர் எடுக்கட்டும். அட்டையையும் முதல் பக்கத்தையும் விடாமல் எடுங்கள், இல்லையென்றால் எந்தத் தொகுதி என்று பின்னால் குழம்பும். கிழிந்த தாளை செல்லோ டேப் போட்டு ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசை பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். சாதி, பிறந்த தேதி இரண்டையும் ஆள் பெயரோடு சேர்த்து அச்சிடவே கூடாது. எண்ணிக்கையாக மட்டும் கொடுங்கள்.

முதல் தொகுதியே இல்லை, பதிவேடு 400-க்கு மேற்பட்ட எண்ணில்தான் தொடங்குகிறது என்றால் பதற வேண்டாம். நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக உயர்த்தும்போது தொடக்கப் பிரிவைத் தனிப் பள்ளியாகப் பிரிப்பது வழக்கம். பழைய பதிவேடு இரண்டில் எந்தப் பக்கமும் போயிருக்கலாம். உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு முறை கேளுங்கள்.

அடுத்து, பள்ளி தொடங்கிய வருடம். இதில்தான் பெரும்பாலான மலர்கள் தவறுகின்றன. சுவரில் பதித்த கல் சொல்வது கட்டடம் திறந்த வருடத்தை. பள்ளி அதற்கு முன்பே யார் வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ நடந்திருக்கும். அங்கீகார ஆணையில் உள்ள வருடம் மூன்றாவது. மூன்றையும் தனித்தனியாக எழுதிவிடுங்கள், ஒன்றாக்க வேண்டாம். கல்லைப் படிக்கும்போது தமிழ் எண்களில் கவனம்: ௧ என்பது ‘க’ போலவும், ௨ ‘உ’ போலவும், ௭ ‘எ’ போலவும், ௮ ‘அ’ போலவும் இருக்கும். சுண்ணாம்பு மேலே மேலே பூசிய கல்லென்றால் ஈரத் துணியால் துடைத்து, சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது வருடத்துக்கு ஒரு முறை திரும்பி வரும் என்பதால், ‘ருத்ரோத்காரி வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1923 ஆகவும் இருக்கலாம், 1983 ஆகவும் இருக்கலாம். அறுபது வருடம் பிசகும். பசலி ஆண்டு (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) இருந்தால் ஆங்கில வருடத்துக்கு 590 கூட்டுங்கள். ஜூலையில் தொடங்கும் ஆண்டு என்பதால் அதன் பின்பாதி அடுத்த ஆங்கில வருடத்தில் விழும்.

பள்ளியின் பெயர் மாறிய வரிசையும் ஒரு வரலாறு. 1920-களில் தாலுகா போர்டு (அன்றைய வட்ட அளவிலான உள்ளாட்சி) பள்ளியாக இருந்திருந்தால், 1934-இல் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டபோது ஜில்லா போர்டிடம் போயிருக்கும். 1958 சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்த பிறகுதான் இப்போதுள்ள பெயர். ஆகவே 1945-இலேயே "ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்தேன்" என்று யாராவது சொன்னால் திருத்திக்கொள்ளுங்கள்.

இடம் யார் கொடுத்தது என்பதில் ஊரில் இரண்டு கட்சி இருக்கும். வாய்வார்த்தையை அச்சிட்டால் வம்பு. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் (ஊரின் நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் காட்டும் பதிவேடு) பள்ளி மனையின் சர்வே எண்ணைப் பாருங்கள். 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் பல ஊர்களில் எண்கள் மாறிவிட்டன. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்காமல் தேடினால் வேறொருவர் நிலத்தில் போய் நிற்பீர்கள். எண் கிடைத்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போடுங்கள், அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்கள் தெரியும். இணையத்தில் வருவது சமீப காலத்துக்குத்தான். 1920-களுக்கு நேரில் மனுக் கொடுத்துப் பழைய புத்தகங்களில் தேட வேண்டும். தானப் பத்திரம் கிடைத்தால் அதன் நகலையே ஒரு பக்கமாகப் போடுங்கள்.

பெரியவர்களிடம் பேசும்போது வருடம் கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. பள்ளியில் மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். காமராசர் மதிய உணவு 1956-இல் தொடங்கியது. பால் பவுடர், கோதுமை உப்புமா என்றால் பெரும்பாலும் அறுபதுகள். சத்துணவு என்றால் 1982-க்குப் பிறகு. பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்று சொன்னால் அது 1953, 54 ராஜாஜி திட்டக் காலம். சாப்பாட்டிலிருந்து பேச்சு தானாகவே சந்தை நாள், ஏரி மடை திறப்பு, குடிமராமத்து, அறுப்புக் காலத்தில் காலியான வகுப்பறை என்று போகும். மலருக்கு வேண்டிய ஊர் வாழ்க்கை அங்கேதான் இருக்கிறது. பெண்களைத் தனியாகச் சந்தியுங்கள். வீட்டு ஆண்கள் பக்கத்தில் இருந்தால் "அவர்கிட்டயே கேளுங்க" என்பதோடு முடிந்துவிடும்.

இப்போது பழங்காலம். செங்கல்பட்டுக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கிழக்கிந்திய கம்பெனிப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையில் சுமார் 2,000 ஊர்களை வீடு, தொழில், நிலம், ஏரி என்று கணக்கெடுத்தார். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அதைக் கேளுங்கள். ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் சிதைந்திருக்கும். நான்கைந்து விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள், பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்து உறுதி செய்யுங்கள். 1822-இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன பள்ளிக் கணக்கில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அது மாவட்ட வாரியான கணக்கு; உங்கள் ஊர் பெயரோடு வராது, அதை வைத்து ஊரில் பள்ளி இருந்ததாக எழுத முடியாது.

கோயில் கல்வெட்டைப் பொறுத்தவரை, நீங்களாகப் படிக்க முயல வேண்டாம். தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் உள்ளன. அவற்றில் ஊர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆண்டையும் எண்ணையும் குறித்து, எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்ற ஊரில் முதலாம் ராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு 340 மாணவர்கள் படித்த கல்லூரியைச் சொல்கிறது என்பதற்காக, எல்லாக் கோயிலிலும் பள்ளி இருந்ததாகக் கொள்ள முடியாது. மக்கள்தொகைக்கு மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகள் இருக்கின்றன. 1951 முதல் பாருங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் வரைவைப் பெரிய எழுத்தில் நகலெடுத்து, பள்ளித் தாழ்வாரத்தில் இரண்டு வாரம் ஒட்டி வையுங்கள், பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கட்டும். விடுபட்ட வாத்தியார் பெயர்களும் தவறான உறவுமுறைகளும் அந்த நோட்டில் வந்துவிடும். மலர் வெளிவந்ததும் ஒரு பிரதி கிளை நூலகத்துக்கு, ஒரு பிரதி சேர்க்கைப் பதிவேடு இருக்கும் அதே பீரோவுக்கு.