பதினைந்து வயதில் ஞானப்பல்லை எடுத்துவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பல்லுக்கு கிளிப் போடுவதற்காக, எல்லாப் பற்களும் தாடையும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தோம். கீழ்த்தாடையில் ஞானப்பல் இரண்டும் சாய்ந்திருக்கின்றன, முளைக்காமல் சிக்கிக்கொள்ளும், இப்போதே எடுத்துவிடலாம் என்கிறார்கள். வலி எதுவும் இல்லை. என்ன செய்வது டாக்டர்?

பதில்: படத்தில் சாய்வைத் தவிர வேறு கோளாறு இல்லையென்றால் அவசரம் வேண்டாம் அம்மா.

இந்த வயதில் கீழ் ஞானப்பல் முன்பக்கம் சாய்ந்து தெரிவது சகஜம். பல்லின் தலைப்பகுதி உருவாகி, வேர் இப்போதுதான் இறங்கத் தொடங்கியிருக்கும். வேர் வளர வளர பல் திரும்பும். சிலருக்கு நிமிர்ந்து வரும், சிலருக்கு இன்னும் படுத்துவிடும். ஒரே படத்தை வைத்து அடித்துச் சொல்வது கிட்டத்தட்ட ஜோசியம்தான்.

சாய்வைவிட நான் முதலில் பார்ப்பது இடத்தை. கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், தாடை எலும்பு மேலே ஏறத் தொடங்கும் இடம் வரை எவ்வளவு இருக்கிறது? அது ஞானப்பல்லின் அகலத்துக்குக் குறையாமல் இருந்தால் முளைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்கை கிளிப் சிகிச்சையே மாற்றிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இடத்துக்காக முன்கடைவாய்ப் பற்களை எடுத்தால், பின்பற்கள் சற்று முன்னால் நகர்ந்து ஞானப்பல்லுக்கு வழி கிடைக்கலாம். பின்பற்களைப் பின்னால் தள்ளினால் இருக்கிற இடமும் போய்விடும். உங்கள் மகளுக்கு எது திட்டம் என்று கேளுங்கள்.

ஞானப்பல் தள்ளித்தான் முன்பற்கள் கோணலாகும் என்று சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கிளிப் கழற்றியபின், பற்கள் நகராமல் பிடித்து வைக்கும் ரீடெய்னரை ஒழுங்காகப் போட்டாலே போதும்.

அதற்காக முப்பது வயது வரை விட்டுவிடவும் கூடாது. வேர் முழுதாக வளர்ந்தபின் எடுப்பது கடினம். கீழுதட்டுக்குப் போகும் நரம்பு அருகில் இருந்தால் உதடு மரத்துப்போகும் அபாயமும் உண்டு. 18 வயதை ஒட்டி இன்னொரு ஓபிஜி எடுத்துப் பார்க்கலாம். அதற்குள் பின் ஈறு வீங்கினாலோ, வாய் திறக்கச் சிரமப்பட்டாலோ, பக்கத்துப் பல்லில் சொத்தை வந்தாலோ உடனே காட்டுங்கள்.

அப்புறம், இந்த எக்ஸ்ரேயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பல் நிமிர்கிறதா, படுக்கிறதா என்பது தெரியும்.